கரையாத ஊசி

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தவர்களுக்கு, அங்குள்ள நகைக் கடைகளில் நடைபெறும் ஒரு காட்சி நன்கு பரிச்சயமாயிருக்கும். மணமாகவிருக்கும் மகளை அழைத்துக்கொண்டு வந்த தாயார், கண்ணாடிப் பெட்டியின்மேல் எடுத்து வைக்கப்பட்ட வளையலை உடனே அணிவித்துப் பார்த்துவிடுவதில்லை. முதலில் அதைத் திருப்பி, உட்புறத்தில் 916 என்ற முத்திரை இருக்கிறதா என்று விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கிறார். தராசு காட்டும் எடையைத் தம் கண்ணாலேயே படித்துக்கொள்கிறார். இன்றைய விலை என்ன, செய்கூலி எவ்வளவு, நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவி, கடைக்காரர் எழுதிக் கொடுத்த ரசீதை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் பத்திரப்படுத்திய பின்னரே எழுந்திருக்கிறார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்த பணத்தின் அருமையை அறிந்த குடும்பங்களுக்கு இயல்பாக வந்த ஜாக்கிரதை அது.

அதே தாயும் மகளும் அதே மாலையில் ஒரு கடைவீட்டின் குறுகலான மாடிப்படி ஏறி ஓர் அழகு நிலையத்துக்குள் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தை நடத்துகிறவர் பழகியவர். புருவம் திருத்தவும் கல்யாண அலங்காரத்துக்கும் பல வருஷங்களாக இவர்கள் நாடிச் செல்பவர். "தங்கச்சி, மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா இருந்தா போட்டோவுல எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே ஊசிதான். பெர்மனண்ட். அடிக்கடி வந்து காசு செலவழிக்க வேணாம்" என்று அவர் பரிவோடு சொல்லும்போது, வளையலைத் திருப்பிப் பார்த்த அந்தத் தாயார் ஊசிக்குழலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது என்ன பண்டம், அதைச் செய்தவர் யார், போடப் போகிறவர் டாக்டர்தானா என்று கேட்பதில்லை. கேட்டால் நம்பிக்கை இல்லையென்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம்! இதற்குத் தமிழில் முகதாட்சண்யம் என்றே ஒரு சொல் இருக்கிறது. பிறர் முகத்துக்காக நாம் காட்டும் அந்தத் தாட்சண்யத்துக்கு, சில சமயங்களில், நம்முடைய முகத்தையே விலையாகக் கொடுக்க நேர்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள அழகு நிலையங்கள் யாவும் இத்தகையவை என்று சொல்ல நான் துணியேன். அவற்றில் மிகப் பலவும் நம் பெண்களின் சொந்த உழைப்பால் எழுந்து, நேர்மையாகத் தொழில் செய்து, குடும்பங்களைத் தாங்கி நிற்பவை. இக்கட்டுரை அந்த 'பெர்மனண்ட்' என்னும் ஒரு சொல்லைப் பற்றியது. நிரந்தரம் என்பது எத்தனையோ விஷயங்களில் வரமாக இருக்கலாம். முகத்துக்குள் செலுத்தப்படும் ஊசியின் விஷயத்தில் அதுவே தலையாய அபாயமாக இருக்கிறது.

மருந்தன்று, பண்டம்

முகத்தில் போடும் ஊசி எதுவானாலும் அதை 'போடோக்ஸ்' என்றே நம்மவர் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தை முதலில் நீக்கிவிடுவது நலம். போடோக்ஸ் தசையைத் தளரச் செய்யும் மருந்து. மூன்று நான்கு மாதங்களில் அதன் வேகம் தணிந்துவிடும். ஃபில்லர் என்பதோ, தோலுக்கு அடியில் குழிந்த இடத்தை நிரப்பி மேடாக்குவதற்காக உள்ளே வைக்கப்படும் ஒரு பண்டம். ஓர் ஊசிக்குழலில் இருப்பது வழக்கமாக ஒரு மில்லிலிட்டர். அதாவது, சமையலறையில் நாம் புழங்கும் சிறிய தேக்கரண்டி கொள்வதில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான பொருளால் என்ன வந்துவிடப் போகிறது என்று யாருக்கும் தோன்றுவது இயல்பே.

ஃபில்லர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, காலப்போக்கில் கரைவது. இன்று நல்ல வைத்தியர்கள் பெரும்பாலும் கையாளும் ஹயலூரானிக் அமிலம் இவ்வகையைச் சேர்ந்தது. நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே உள்ள இந்தப் பொருளை, 1934-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். களிம்பைப் போலச் செய்து உட்செலுத்தினால், சுமார் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரையில் நின்று, பிறகு உடம்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால், ஹயலூரானிடேஸ் என்னும் நொதியை ஊசி மூலம் செலுத்திப் பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் வைத்தியரே கரைத்துவிட முடியும்.

மற்றொன்று, என்றைக்கும் கரையாதது. சிலிகான் எண்ணெய், பிஎம்எம்ஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அக்ரிலிக் மணிகள், பாலிஅக்ரிலமைடு களிம்பு ஆகியவை இந்த ஜாதி. இவற்றைக் கரைக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. முன்னதில் வைத்தியரின் கையில் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. பின்னதில் அந்த வழி ஊசி இறங்கிய க்ஷணத்திலேயே அடைபட்டுவிடுகிறது. விலையில் இரண்டாவது மலிவாகத் தோன்றுவதற்குக் காரணமும் அதுதான்: ஒரு தடவை போட்டால் போதும் என்பது, ஒரு தடவை போட்டால் எடுக்கவே முடியாது என்பதன் மறுபக்கம்.

மெழுகில் தொடங்கிய கதை

சிதைந்த முகத்தைச் சீராக்க விரும்புவதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாகாது. அறுபட்ட மூக்கைத் தோலால் புனைந்து தரும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல் விவரிக்கிறது. 1930-இல் சுங்கை பூலோவில் அமைக்கப்பட்ட குஷ்டரோகிகள் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுள், நோய் குணமான பின்னும் முகத்தில் அதன் அடையாளத்தைச் சுமந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒரு வைத்தியர் மூக்கைத் திருத்திக் கொடுத்தால் அதைவிடப் பெரிய தர்மம் இல்லை. ஆனால் எளிதான வழி ஒன்று கிடைத்துவிட்டது என்று நம்பி வைத்திய உலகமே ஏமாந்த சரித்திரமும் உண்டு. இன்றைய ஊசியின் பூர்வ கதை அதுதான்.

1899-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறுவை வைத்தியர் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு, அந்த இடத்தில் உருக்கிய பெட்ரோலிய மெழுகைச் செலுத்தி வெற்றி கண்டதாக அறிவித்தார். கத்தியின்றி இரத்தமின்றி உருவத்தைத் திருத்தும் உபாயம் பிறந்துவிட்டதென்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் பூரித்தன. குழிந்த மூக்கு, சுருங்கிய கன்னம், மார்பு என்று எங்கும் பாரஃபின் மெழுகு புகுந்தது. முதல் சில வருஷங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகுதான் மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டி தட்டியது, புண்ணாகி ஒழுகியது, இரத்தக் குழாயில் புகுந்து சிலருடைய கண்ணைப் பறித்தது. இருபது வருஷங்களுக்குள் மேனாட்டு வைத்தியர்கள் அதைக் கைவிட்டார்கள்; 'பாரஃபினோமா' என்ற வியாதிப் பெயர் மட்டும் பாடநூல்களில் எஞ்சியது.

அந்த மெழுகுக்கு இரையானவர்களுள் சரித்திரம் பெயர் சொல்லும் ஒருவர், பின்னாளில் மார்ல்பரோ கோமகனை மணந்த கிளாடிஸ் டீக்கன். ஓவியர்களும் எழுத்தாளர்களும் கொண்டாடிய சௌந்தர்யவதி அவர். கிரேக்கச் சிலைகளைப்போல நெற்றியிலிருந்து மூக்கு நேராக இறங்க வேண்டுமென்று ஆசைப்பட்டு, இருபத்திரண்டு வயது அளவில் மூக்குத் தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு நிலைகொள்ளாமல் கீழிறங்கி, நாளடைவில் அவர் முகத்தையே விகாரப்படுத்திவிட்டது. 1977 வரை, தொண்ணூற்றாறு வயதுவரை, அவர் வாழ்ந்தார். அந்த ஊசி அவரோடு முக்கால் நூற்றாண்டுக்கு அருகில் வாழ்ந்தது. நிரந்தரம் என்ற சொல்லின் பொருளை அந்த ஆண்டுக் கணக்கு உணர்த்துவதைப்போல வேறெதுவும் உணர்த்தாது.

மெழுகு போன இடத்துக்குச் சிலிகான் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில், தொழிற்சாலைகளுக்கென்று செய்யப்பட்ட சிலிகான் திரவத்தைப் பெண்களின் மார்பில் ஏற்றும் வழக்கம் தோன்றி, அங்கிருந்து அமெரிக்காவுக்கும் பரவியது. சிலிகான் திரவத்தை முகத்திலோ தேகத்திலோ வடிவத்துக்காக ஏற்றுவதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு நாளும் அனுமதி அளித்ததில்லை. பின்னர் பாலிஅக்ரிலமைடு களிம்பின் முறை வந்தது. உக்ரைனில் உருவாகி, 1997-இல் சீனாவுக்குள் அனுமதி பெற்று நுழைந்த இக்களிம்பு, அங்கே பெண்களின் மார்பிலும் முகத்திலும் தாராளமாகச் செலுத்தப்பட்டது. கட்டிகளும் சீழும் தீராத வலியுமாகப் புகார்கள் குவிந்த பிறகு, 2006 ஏப்ரல் 30-ஆம் தேதி சீன அரசாங்கம் அதை அடியோடு தடை செய்தது. தடை கடைகளிலிருந்து பண்டத்தை அகற்றியது. ஏற்கெனவே உடம்புக்குள் போனதை எந்தச் சட்டத்தால் அகற்ற முடியும்?

சரீரம் மறப்பதில்லை

நம் தேகத்துக்குள் அந்நியப் பொருள் ஒன்று புகுந்தால், இரத்தத்திலும் திசுக்களிலும் காவல் புரியும் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. முள் குத்திய இடம் சிவந்து பழுத்து, இரண்டொரு நாளில் முள்ளை வெளியே தள்ளிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அக்ரிலிக் மணி ஒவ்வொன்றும் 30 முதல் 50 மைக்ரான் குறுக்களவு உடையது. தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பாதி. காவல் அணுவால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக வேண்டுமென்றே அது அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது. விழுங்க முடியாத அணுக்கள் அதைச் சுற்றிலும் நார்த்திசுவால் வேலி கட்டுகின்றன. கன்னம் நிரம்பித் தெரிவது அந்த வேலியால்தான். அதாவது, இந்தச் சிகிச்சையின் வெற்றியே உடம்பின் ஓயாத ஓர் எதிர்ப்பின்மீது கட்டப்பட்டிருக்கிறது.

அந்த எதிர்ப்பு அளவோடு நின்றால் வாழ்நாள் முழுதும் தொல்லையில்லாமல் போகலாம். அப்படிப் போனவர்களும் உண்டு. அளவு மீறினாலோ, வேலி தடித்துக் கிரானுலோமா என்னும் கெட்டியான முடிச்சுகளாகிறது. அடுத்த வாரமே இது நேர்ந்துவிட்டால் காரணம் யாருக்கும் விளங்கிவிடும். ஆனால் இவை மாதங்கள் கழித்தும், வருஷங்கள் கழித்தும், சிலிகானின் விஷயத்தில் பத்து இருபது வருஷங்கள் கழித்தும்கூடத் தலைகாட்டுகின்றன. சொத்தைப் பல்லில் சீழ் வைத்தது, கடுமையான காய்ச்சல் வந்தது என்று ஏதோ ஒரு நிமித்தத்தால் உறங்கிக் கிடந்த இடம் விழித்துக்கொள்கிறது. ஊசி போட்டவர் அதற்குள் கடையை மூடிவிட்டு எங்கோ போயிருப்பார். போட்டுக்கொண்டவரே அதை மறந்திருப்பார். சரீரம் மட்டும் மறப்பதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கிருமிகள் அந்தப் பண்டத்தின்மேல் பாசிபோலப் படிந்து, தம்மைச் சுற்றி ஒரு திரையை இழுத்துக்கொண்டு, மருந்துக்கு எட்டாமல் மறைந்து வாழ்கின்றன. மாத்திரை சாப்பிடும்வரை வீக்கம் வடிகிறது. நிறுத்தியதும் மறுபடி எழும்புகிறது. களிம்பும் எண்ணெயும் ஆனவை போட்ட இடத்திலேயே நிற்பதென்ற நிச்சயமும் இல்லை. கன்னத்தில் போட்டது தாடைக்கு இறங்குகிறது.

இவை ஒன்றும் நேராதென்றே வைத்துக்கொண்டாலும், காலம் சும்மா இருப்பதில்லை. இருபத்தைந்து வயது முகமும் ஐம்பத்தைந்து வயது முகமும் ஒன்றல்ல. எலும்பு தேய்கிறது, கன்னத்துக் கொழுப்பு இறங்குகிறது, தோல் மெலிகிறது. சுற்றிலும் எல்லாம் மாறிக்கொண்டிருக்க, அன்று வைத்த பண்டம் மட்டும் வைத்தபடியே நின்றால், ஒரு காலத்தில் எடுப்பாயிருந்த மூக்கும் உதடும் பின்னொரு காலத்தில் வேறொருவருடைய முகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவைபோல் ஆகிவிடுகின்றன. சந்தோஷத்தில் மலர்ந்து, துக்கத்தில் வாடி, நாணத்தில் சிவந்து, மூப்பில் கனிவதுதான் முகத்தின் சுபாவம். மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றில் மாறாத ஒன்றைப் பதிப்பது எப்படிப் பொருந்தும்?

நல்ல கையிலும் நேரும்

இவையெல்லாம் போலி வைத்தியர்களால் விளைந்தவை, தகுதியுள்ள டாக்டரிடம் போனால் நிரந்தர ஊசியும் க்ஷேமமே என்று யாரேனும் கருதினால், அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். எச்ஐவி கிருமிக்கான பழைய மருந்துகளைப் பல வருஷங்கள் உட்கொண்டவர்களுக்குக் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போவதுண்டு. அந்த முகமே அவர்களுடைய நோயை ஊராருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகையோருக்குக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் படித்த வைத்தியர்கள் நல்லெண்ணத்தோடு பாலிஆல்கிலிமைடு என்னும் நிரந்தரக் களிம்பைக் கன்னத்தில் நிரப்பினார்கள். அவர்களிலும் பலருக்குச் சில வருஷங்கள் கழித்து அந்த இடத்தில் சீழ்பிடித்து, கீறி அகற்ற வேண்டி வந்தது. கை நல்ல கை, மனம் நல்ல மனம். பண்டம் கரையாத பண்டமாயிருந்ததால் அவ்விரண்டாலும் அவர்களைக் காக்க முடியவில்லை.

அதற்காகப் பண்டத்தையே பாபம் என்று சொல்வதும் நியாயமாகாது. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், புரை நீக்கிய கண்ணுக்குள் முதன்முதலாகப் பதித்த செயற்கை வில்லை, இதே அக்ரிலிக்கால் ஆனது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-இல் எழுந்த ஆரோலேப், இந்த வில்லைகளை ஏழைகளுக்கு எட்டும் விலையில் செய்து கொடுத்து, லட்சக்கணக்கானோர் மறுபடி ஒளி காண உதவியது. ஆனால் வில்லை ஒரே துண்டாக, தனக்கென அமைந்த ஓர் உறைக்குள் உட்காருகிறது. தேவைப்பட்டால் வைத்தியர் அதை எடுத்து வேறொன்று வைக்கலாம். மணிகளோ லட்சக்கணக்கில் தசையோடும் நரம்போடும் கலந்துவிடுகின்றன. மாவில் கலந்த உப்பைப் பொறுக்கியெடுக்க யாரால் ஆகும்?

பிரிக்பீல்ட்ஸின் வெள்ளைக் கோல்கள்

கண்ணைப் பற்றிய பேச்சு வந்ததும் நினைவு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குச் செல்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. பிரிக்பீல்ட்ஸில் அது அமைந்திருப்பதால், அந்தப் பகுதியே பார்வையில்லாதவர்களின் வாழிடமாக விளங்குகிறது. துன் சம்பந்தன் சாலையில் பூமாலை கட்டும் கடைகளையும் வடை பொரியும் வாசனையையும் கடந்து நடக்கும்போது, நடைபாதையில் பதித்த மஞ்சள் நிற மேட்டுக் கற்களைத் தம் வெள்ளைக் கோலால் தட்டி அறிந்து, ஒருவர் பின் ஒருவராகச் செல்பவர்களை எந்த நேரத்திலும் காணலாம். உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து, தம் உழைப்பில் மானத்தோடு வாழ்பவர்கள் அவர்கள். அவர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாகக் காட்ட நான் விரும்பவில்லை. இருளில் வாழக் கற்றுக்கொள்வதற்கு எவ்வளவு தைரியமும் பயிற்சியும் வேண்டியிருக்கின்றன என்பதற்கு அந்தக் கோலின் ஒவ்வொரு தட்டும் சாட்சி. அந்த இருளை ஒரு மில்லிலிட்டர் ஊசியால் நாமே வரவழைத்துக்கொள்ளக் கூடுமென்பதை அந்தச் சாலையில் நடந்து செல்லும் எத்தனை பேர் அறிவார்கள்?

அது எவ்வாறு நேர்கிறதென்றால், மூக்குத் தண்டிலும் இரு புருவங்களுக்கு இடையிலும் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள், கண்ணுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியோடு தொடர்புடையவை. ஊசிமுனை அறியாமல் அவற்றுள் ஒன்றில் புகுந்து, பிஸ்டனை அழுத்தும் வேகத்தில் களிம்பு பின்னோக்கிச் சென்று, அங்கிருந்து விழித்திரையின் தமனிக்குள் பாய்ந்து அடைத்துக்கொண்டால், கண் அந்த நிமிஷமே இருண்டுவிடுகிறது. இரத்தமில்லாமல் விழித்திரை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஃபில்லரால் பார்வை கெட்டதாக உலக வைத்திய ஏடுகளில் அதுவரை பதிவான 98 பேரின் விவரங்களைக் கேட்டி பெலெஸ்னாயும் அவரது சகாக்களும் 2015-இல் தொகுத்தார்கள். 2019-இல் மேலும் 48 பேரைச் சேர்த்தார்கள். முதல் தொகுப்பில் புருவ நடு முதலிடத்திலும் மூக்கு அதற்கு அடுத்தும் நின்றன. நம் கல்யாணப் பெண்கள் எடுப்பாக்கிக்கொள்ள விரும்புவது அந்த மூக்கைத்தானே!

கரையும் ஃபில்லராலும் இந்த விபத்து நேரக்கூடும் என்பதை மறைக்கலாகாது. எண்ணிக்கையில் சிலவே ஆனாலும், போன பார்வை திரும்புவது அரிது. ஆயினும், கரையும் பண்டமானால் உடனே நொதியைச் செலுத்தித் தோலையாவது காப்பாற்றலாம், சில சமயம் கண்ணுக்கும் முயன்று பார்க்கலாம். கரையாத பண்டமானால் வைத்தியரின் கையில் அந்த ஆயுதமும் இல்லை. அழகு நிலையத்தின் மாடியறையிலோ, ஹோட்டல் அறையிலோ, ஒருவர் வீட்டுக் கூடத்திலோ ஊசி போட்டுக்கொண்டவருக்கு எந்தப் பண்டம் உள்ளே போனதென்பதே தெரிவதில்லையாதலால், அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் பொன்னான நிமிஷங்களை ஊகிப்பதில் கழிக்க நேரிடும்.

சட்டம் சொல்வது

இவ்விஷயத்தில் மலேசியச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 586-ஆம் எண் சட்டமாகிய 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரக் கூடங்கள், சேவைகள் சட்டம் 2006 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, பதிவு பெறாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமானால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை செல்லும். ஃபில்லர் மருத்துவச் சாதனம் என்ற வகையில் அடங்குவதால், 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஊசி போடுபவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, நடப்பாண்டுத் தொழிற்சான்றிதழ் வைத்திருக்கும் டாக்டராக இருப்பதோடு, அழகியல் சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சு வழங்கும் 'எல்சிபி' என்னும் தகுதிக் கடிதமும் பெற்றிருக்க வேண்டும். அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் எத்தனை மாட்டியிருந்தாலும், அது ஊசியைத் தொடும் உரிமையைத் தராது.

சட்டம் இருந்தும் விபரீதங்கள் நடக்கின்றன. 2017-இல் மலாக்காவில், காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பல்லுக்குக் கம்பி கட்டிய இருபது வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில், ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குப் படுத்த இருபத்து மூன்று வயது யுவதி உயிருடன் எழுந்திருக்கவில்லை. இவை ஃபில்லர் சம்பவங்கள் அல்ல. ஆயினும், கம்பியோ கொழுப்போ ஊசியோ, மருத்துவமனையில் நடக்க வேண்டியது மாடியறைக்கு இறங்கி வரும்போது ஆபத்து எவ்வழியில் வருகிறதென்பதை இவை காட்டுகின்றன. ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தால் ஃபில்லரைத் தோலுக்குள் பீய்ச்சும் பேனா ஒன்றும் இப்போது இணையத்தில் விற்பனையாகிறது. அதனால் தோலும் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது.

வந்துவிட்டால்

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்துப் பீதியடைய வேண்டாம். தொந்தரவில்லாத இடத்தை வலியத் தொந்தரவு செய்யலாகாது. என்ன போட்டோம், எப்போது போட்டோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, பல் வைத்தியரிடமும் மற்ற வைத்தியர்களிடமும் மறைக்காமல் சொன்னால் அதுவே பெரிய பாதுகாப்பு. ஊசி போட்ட உடனே கடும் வலி எடுத்தாலோ, தோல் வெளுத்தாலோ, வலைபோல நீலம் பாரித்தாலோ, பார்வை மங்கினாலோ, நாளை பார்க்கலாம் என்று ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும் இருக்கின்றன. வருஷங்கள் கழித்து முடிச்சோ வீக்கமோ தோன்றினால், தோல் வைத்தியரையோ பிளாஸ்டிக் அறுவை வைத்தியரையோ நாட வேண்டும். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் உள்ளே இருப்பது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சிலிகான் பனிப்புயல் வீசியதுபோல் வெண்ணிறமாகக் கலங்கித் தோன்றும். ஸ்டீராய்டு ஊசி, வாரக்கணக்கான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, கடைசியில் கத்தி என்று சிகிச்சை படிப்படியாகச் செல்கிறது, தழும்பும் மிஞ்சலாம். போட்டவரிடமே திரும்பிப் போய், 'சரிபண்ண இன்னொரு ஊசி' என்று ஏற்றுக்கொள்வதும், ஊசியால் குத்திப் பிதுக்கவிடுவதும் தீங்கை இரட்டிப்பாக்கும்.

பாதிக்கப்பட்டவர்கள் காலத்தில் வைத்தியரிடம் வராததற்குப் பயத்தைவிட வெட்கமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். 'உனக்கு எதுக்கு இந்த வேலை? ஆண்டவன் கொடுத்த மூஞ்சி போதாதா?' என்ற வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி, கைக்குட்டையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தவிப்பவர்கள், பெண்களாயினும் ஆண்களாயினும், நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டாரிடம்தான் வேண்டுகிறேன். சிறுவயதிலிருந்து 'மூக்கு சப்பை, கறுப்பு, குண்டு' என்று விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி, கண்ணாடியின் முன்னே கூனிக் குறுகி நிற்கும்படி அவர்களைச் செய்தது யார்? அந்தப் பேச்சில் நமக்கும் பங்கிருக்கும்போது, ஏசுவதற்கு நமக்கு ஏது உரிமை? கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதுதான் நாம் செய்யக்கூடிய பிராயச்சித்தம்.

மறுபடியும் தெங்கு கிளானா சாலைக்கு வருவோம். வளையலைத் திருப்பிப் பார்த்த அந்தத் தாயாரிடம் உள்ள சாமர்த்தியம் எந்தக் கல்லூரியிலும் கற்றதன்று. அதை மாடிப்படியின் அடியிலேயே விட்டுவிட்டு ஏறாமல், கூடவே எடுத்துச் சென்றால் போதும். பெட்டியை என் கண்முன்னே பிரியுங்கள், பதிவு எண்ணைக் காட்டுங்கள், அதன் ஸ்டிக்கரை என்னிடம் கொடுங்கள், போடப் போகும் டாக்டரின் பெயர் என்ன என்று அவர் கேட்கலாம். ரசீதைப்போல் அந்த ஸ்டிக்கரையும் நான்காக மடித்துக் கைப்பையில் வைக்கலாம். நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரிடம் முகதாட்சண்யம் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

இத்தனைக்கும் முன்பாக அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. முத்திரையும் எடையும் பார்த்து வாங்கிய வளையல்கூட, பத்து வருஷம் கழித்து மோஸ்தர் மாறிப் பிடிக்காமல் போனால், அதே கடையில் கொடுத்து உருக்கி, மகளின் மகளுக்கு ஒரு சங்கிலியாக அடித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் அவர் வாங்கினார். தங்கத்தில்கூட நாம் நிரந்தரத்தைத் தேடுவதில்லை. உருகும் என்பதால்தான் அதை நம்புகிறோம். மகளின் முகத்துக்குள் போகப் போவதைக் குறித்தும் அந்த அம்மாள் அதையே கேட்கட்டும்: "ஏம்மா, இது கரையுமா?" கரையாது என்று பதில் வந்தால், அது எவ்வளவு மலிவாயிருந்தாலும், சொன்னவர் எவ்வளவு வேண்டியவராயிருந்தாலும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் இறங்கிவிடட்டும்.